மீண்டும் ஒரு தோட்டம், கூடவே பேரப்பிள்ளைகள்

மலேசியத் தமிழர்களுக்குத் 'தோட்டம்' என்றால் இரண்டு பொருள். ஒன்று, வீட்டுக் கொல்லையில் கீரையும் காயும் வளரும் இடம். மற்றது, நம் முன்னோர் பால்மரம் சீவிய எஸ்டேட். "ஓய்வுபெற்ற பிறகு தோட்டம் போடப் போகிறேன்" என்று நான் சொன்னபோது, என் மகனுக்குக் கேட்டது இரண்டாவதுதான்.

"எங்களைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டு வரத்தானே இவ்வளவு பாடுபட்டீங்க? இப்ப மறுபடி மண்வெட்டியாப்பா?" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். "நீ பேனா பிடிக்கணும்டா" என்பதே என் அப்பாவின் பேச்சு. பிடித்தேன். 60 வயது வரை அலுவலக வேலை. அதன்பின் மூன்று மாதம் தொலைக்காட்சி.

பள்ளி முடிந்ததும் பேத்தியும் பேரனும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒருநாள் ஏழு வயதுப் பேரன், "தாத்தா, வெண்டிக்காய மண்ணுக்குள்ள இருந்துதானே தோண்டி எடுப்பாங்க?" என்று கேட்டான். மறுநாளே விதை வாங்கிவிட்டேன்.

எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் பத்தடி அகல நிலம். எல்லாம் தெரிந்தவன் போல் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டே, முளைத்த செடிகளின் அடியில் பச்சைக் கோழி எருவை அள்ளிப் போட்டேன். நான்கே நாளில் அத்தனையும் கருகின. பேத்தி அழுதுவிட்டாள்.

"ஆறப்போடாத எருவை யாருங்க போடச் சொன்னது?" என்றார் என் மனைவி. அப்போதுதான் உறைத்தது. லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் வாழையும் முருங்கையும் நட்டது என் அம்மா. நான் சாப்பிட மட்டுமே செய்தேன். மனைவியோ தன் அம்மாவோடு சேர்ந்து நட்டவர். அன்றுமுதல் அவர்தான் எங்களுக்கு மண்டோர்.

இரண்டாவது முறை அவர் சொன்னபடி செய்தோம். நம் நாட்டு மண்ணில் பெரும்பாலும் புளிப்பு அதிகம். அதனால் விவசாயச் சுண்ணாம்பைக் கலந்து இரண்டு வாரம் விட்டோம். எருவை இரண்டு மாதம் மக்க வைத்தோம். வெண்டை விதையை இரவு முழுதும் ஊறவைத்து நட்டதில், ஐந்தாம் நாள் முளை தெரிந்தது. ஏறக்குறைய 50 நாளில் முதல் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். விட்டால் முற்றி நாராகிவிடும்.

பொறுமையில்லாத பேரனுக்குக் கங்கோங் கீரை கொடுத்தோம். நான்கு வாரத்தில் வெட்டலாம். அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பேத்திக்குப் பயற்றங்காய். கொடி ஏற ஆறடிக் குச்சி நட்டு, எந்த நாளில் எவ்வளவு வளர்ந்தது என்று அவளே அளந்து எழுதுகிறாள்.

வேலையெல்லாம் வெயில் இறங்கிய பின், மாலை ஐந்தரைக்கு மேல்தான். என் முழங்காலுக்காக ஒரு குட்டை முக்காலி. சனிக்கிழமை தோறும் வாளி, தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து, நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரமே போதும்.

இதில் பெரிய சேமிப்பு ஒன்றுமில்லை. மண், எரு, விதை எல்லாம் கணக்குப் பார்த்தால் பாசார் மாலாமில் வாங்குவதே மலிவு. ஆனால் கீரையைத் தட்டில் ஒதுக்கி வைத்த பேரன், தான் வெட்டியதை மிச்சம் வைப்பதில்லை.

போன மாதம் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த மகன், பயற்றங்கொடி அருகே சற்று நேரம் நின்றான். "அப்பாயி லயத்துல என்னென்ன போட்டிருந்தாங்கப்பா?" என்று கேட்டான். இத்தனை வருடத்தில் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. நானும் அவனிடம் சொன்னதில்லை. வறுமையைத் தவிர சொல்ல எதுவுமில்லை என்று நினைத்திருந்தேன். அன்று சொல்லி முடிக்க இருட்டிவிட்டது.

அடுக்குமாடியில் இருப்பவர்களும் ஐந்து தொட்டியில் தொடங்கலாம். வெயில் படும் மாடமும், கேள்வி கேட்க ஒரு பிள்ளையும் இருந்தால் போதும். எருவை மட்டும் ஆறப்போட மறக்காதீர்கள்.