திருநர் உரிமையும் உளநல ஆலோசனையும்

திருநங்கையரை எத்திணையில் வைப்பது என்னும் வினா தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே இத்தகையோரைக் குறிக்கும் பெயரை உயர்திணையுள் வைத்துப் பேசுகிறார். அப்பெயர்க்கெனத் தனி ஈறு இல்லை, ஆண்பால் பெண்பால் ஈறுகளையே அது கொள்ளும் என்பது அவர் கூற்று. நன்னூலாரோ ஒருவர் விட்டதையும் விரும்பியதையும் நோக்கிப் பால் வகுக்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால்; ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால். வியக்கத்தக்க தெளிவு! ஆனால் அதே நூற்பா, இவர்களை அஃறிணை போலவும் வழங்கலாம் என்று முடிகிறது. முற்பகுதியை மறந்துவிட்டுப் பிற்பகுதியை மட்டும் நம் சமுதாயம் கைக்கொண்டது எனலாம்.

நன்னூலாரின் முற்பகுதிக்கு நெருங்கிய கருத்தையே உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் நாள் தேசியச் சட்டப்பணிகள் ஆணைய வழக்கில் வழங்கியது. தம் பாலினம் யாது என்பதைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. அறுவை மருத்துவம் செய்துகொண்டிருக்க வேண்டும் என வற்புறுத்தலாகாது என்பது அத்தீர்ப்பு. ஆறாண்டுகட்கு முன் இதே நாளில்தான் (2008) தமிழக அரசு நாட்டிலேயே முதலாவதாக இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது.

சட்டம் இவ்வாறிருக்க, வீட்டில் நடப்பது வேறு. தென்னேரி போன்ற தறி ஊர்களில் வீடே தொழிற்கூடம். தறிக்குழியில் தந்தையும், பக்கத்தில் நூல் சுற்றும் தாயும் பிள்ளைகளுமாக நாள் முழுதும் ஒருவர் கண்முன் ஒருவர் இருப்பர். மகனென எண்ணி வளர்த்த பிள்ளை தன்னைப் பெண்ணாக உணர்வதை அங்கே நெடுநாள் மறைத்தல் இயலாது. தனித்திருந்து அழவும் இடமிராது. பெற்றோர் முதலில் நாடுவது மந்திரிப்பையும் தாயத்தையும். இதில் சமய வேறுபாடு இல்லை. அடுத்து மருத்துவர், ‘எப்படியாவது மாற்றிக் கொடுங்கள்’ என்பதே அவரிடம் வைக்கும் வேண்டுகோள்.

மாற்றித் தருகிறேன் என்பவரைத்தான் அஞ்ச வேண்டும். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த சுஷ்மா வழக்கு இங்கு நோக்கத்தக்கது. ஒன்றாய் வாழ விரும்பி மதுரையை விட்டு வந்த இரு இளம் பெண்கள் காவலரின் தொல்லையிலிருந்து காப்புக் கேட்டனர். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அவ்விருவரையும் அவர்தம் பெற்றோரையும் உளவள ஆலோசனைக்கு அனுப்பினார். அத்துடன் நில்லாது, உளவியலாளர் வித்யா தினகரன் அவர்களிடம் தாமே பாடம் கேட்க அமர்ந்தார். இப்பொருளில் தமக்கிருந்த அறியாமையையும் ஆணையில் மறையாது எழுதினார். அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் ஆணை, பாலினத்தையோ பால் ஈர்ப்பையோ மருத்துவத்தால் மாற்ற முயலுவதைத் தடை செய்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அம்முயற்சியைத் தொழில்முறைக் குற்றம் என அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்ற தன் நோய்ப் பட்டியலில் பாலின முரண்பாட்டை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிவிட்டது.

எனில் நோயில்லாதவர்க்கு ஆலோசகர் எதற்கு? இகழ்ச்சியும் அடியும் தனிமையும் உண்டாக்கும் துயர் உண்மையானது. உறக்கமின்மை, தன்னுயிர் மாய்க்கும் எண்ணம் ஆகியன உதவி வேண்டுவன. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சுவழி ஆற்றுவோர் உளவியலாளரும் ஆலோசகரும். ஆலோசகர் என்னும் பெயர்ப்பலகை மட்டும் போதாது; கல்வித்தகுதியையும் பதிவையும் கேட்பதில் நாணம் வேண்டா. முதற்சந்திப்பிலேயே கேட்கத்தக்கவை வேறும் உள: திருநர் எவர்க்கேனும் முன்பு உதவியுள்ளாரா? என்னை எப்பெயரால் அழைப்பார்? நான் சொல்வதை என் பெற்றோரிடம் கூறுவாரா? மறைகாத்தல் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. சமூக ஒழுக்கத்தோடு பொருந்தாமையை மட்டும் கொண்டு ஒருவரை மனநோயர் எனலாகாது என்பதும் அச்சட்டமே. பழைய பெயராலேயே அழைப்பவரை, திருமணம் செய்தால் சரியாகும் என்பவரை இரண்டாம் முறை காண வேண்டியதில்லை.

கட்டணம் பெருந்தடை. காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் (14416) தொலைபேசியில் கட்டணமின்றிப் பேசலாம். ஆனால் தறிவீட்டில் பேச இடமேது? ஏரிக்கரைக்குத்தான் செல்ல வேண்டும். சகோதரன், ஓரினம் முதலிய சென்னை அமைப்புகளைக் கேட்டால் இப்பொருள் அறிந்த ஆலோசகர் யார் எனத் தெரியவரும்.

உரிமைப் பணிக்குத் துணைநிற்க விழைவோர் மேடையைத் தேட வேண்டியதில்லை. அடையாள அட்டை, குடும்ப அட்டை, சான்றிதழில் பெயர் மாற்றம் என அலுவலகங்களுக்கு அலைவதே இவர்க்குப் பெரும்பாடு. உடன் செல்லவும் விண்ணப்பம் எழுதவும் தமிழ் மாணவரால் இயலும். உயர்கல்வி பயிலும் திருநரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதனை நம்பி ஒருவர் நம் கல்லூரி வாயிலுக்கு வருவாராயின், வருகைப்பதிவேட்டில் எப்பெயரை எழுதுவது, எவ்விடுதியில் இடமளிப்பது என்பவற்றை அவர் வருமுன்னரே துறைதோறும் பேசி முடித்திருத்தல் வேண்டும்.