உங்களுக்குத் தெரியுமா? செம்பியத்தின் டிராக்டர் ராணி!

வட சென்னையில் சங்கு ஊதினால் ஆண்கள்தான் ஷிஃப்ட்டுக்குப் போவார்கள் என்று நினைத்திருந்த காலம் உண்டு. அந்த மண்ணில் வேரூன்றிய ஒரு டிராக்டர் கம்பெனியை உலக வரிசையில் நிறுத்தியவர் ஒரு பெண், மல்லிகா ஸ்ரீனிவாசன். அவரைப் பற்றிய சில தகவல்கள்:

★ திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு. எண்ணூரில் அசோக் லேலண்ட். பெரம்பூரை ஒட்டிய செம்பியத்தில் சிம்ப்சன் டீசல் எஞ்சின். டயர், புல்லட், லாரி, எஞ்சின் என ஓடுகிற எல்லாவற்றுக்கும் தாய்வீடு வட சென்னை. மல்லிகாவின் ‘டாஃபே’ டிராக்டர் நிறுவனமும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1960-ல் டிராக்டர் நிறுவனமான மாஸி ஃபெர்குசனின் ஒத்துழைப்போடு தொடங்கப்பட்டது.

★ டாஃபேயைத் தொடங்கிய குழுமம் அமால்கமேஷன்ஸ். அதை உருவாக்கியவர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன், தென்காசிப் பக்கம் ஆழ்வார்குறிச்சிக்காரர். ஊரை மறக்கவில்லை, அங்கே பரமகல்யாணி அம்மன் பெயரில் பள்ளியும் கல்லூரியும் அவருடைய குடும்பத்தால் எழுந்தன. அவருடைய மகன் ஏ.சிவசைலம். சிவசைலத்தின் மகள்தான் மல்லிகா.

★ 1959 நவம்பர் 19-ல் பிறந்த மல்லிகா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார அளவையியல் படித்தார். பிறகு அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளியில் எம்.பி.ஏ. முடித்துத் திரும்பி, 1986-ல் டாஃபேயில் சேர்ந்தார். அப்போது கம்பெனியின் ஆண்டு விற்பனை சுமார் 85 கோடி ரூபாய். இன்று அது 10,000 கோடியைத் தொட்டிருக்கிறது. குடும்பம் கொடுத்தது 85 கோடிக் கம்பெனி. மீதி உழைத்து வந்தது.

★ 2005-ல் ஐஷர் நிறுவனத்தின் டிராக்டர் தொழிலை 310 கோடி ரூபாய்க்கு டாஃபே வாங்கியது. இதில் ஒரு வட சென்னைத் தொடர்பு இருக்கிறது. திருவொற்றியூர் புல்லட்டும் அதே ஐஷர் வசம்தான் இருந்தது. டிராக்டரை விற்றுவிட்டு ஐஷர் மோட்டார் சைக்கிளிலும் லாரியிலும் கவனம் செலுத்தியது. ஒரே பேரம், இரண்டு வெற்றி: புல்லட்டும் வளர்ந்தது, டாஃபேயும் வளர்ந்தது. உலகின் பெரிய டிராக்டர் தயாரிப்பாளர்களில் மூன்றாவதாக டாஃபே இன்று எண்ணப்படுகிறது.

★ ஐரோப்பாவின் செர்பியாவில் ‘ஐ.எம்.டி.’ என்ற பழைய டிராக்டர் நிறுவனம் இருந்தது. மாஸி ஃபெர்குசன் உரிமத்தில் டிராக்டர் செய்து பேர் வாங்கியது, பிறகு நொடிந்து போனது. 2018-ல் அதை வாங்கியது டாஃபே. ஒரே ஆசானிடம் படித்த இரண்டு மாணவர்களில் ஒருவர் மற்றவரைக் கைதூக்கிவிட்டது போல!

★ மாஸி ஃபெர்குசன் பெயரைக் கையில் வைத்திருந்தது அமெரிக்காவின் ‘ஆக்கோ’. அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலேயே பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார் மல்லிகா. பின்னர் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, 2025-ல் உடன்பாடு வந்தது. அதன்படி இந்தியா, நேபாளம், பூட்டான் நாடுகளில் அந்தப் பெயர் டாஃபேக்கே சொந்தம். இரவல் பெயரில் தொடங்கிய கம்பெனி, 65 ஆண்டுகள் கழித்து அந்தப் பெயருக்கே உரிமையாளர் ஆனது.

★ 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, தமிழ்நாட்டின் சிறு விவசாயிகளுக்கு வாடகை வாங்காமல் டிராக்டர் உழவு செய்து கொடுத்தது டாஃபே. உழவுப் பருவம் ஊரடங்குக்காகக் காத்திருக்காது என்பதைப் புரிந்துகொண்டு செய்த உதவி இது.

★ 2014-ல் பத்மஸ்ரீ. 2021 ஏப்ரலில் ஒரு பெரிய பொறுப்பு: மத்திய அரசின் பொது நிறுவனங்கள் தேர்வு வாரியத்தின் தலைவர். அரசு நிறுவனங்களுக்கு யார் தலைமை தாங்கலாம் என்று பரிந்துரைப்பது இந்த வாரியம்தான். தனியார் துறையிலிருந்து அந்த நாற்காலிக்குச் சென்ற முதல் ஆள் மல்லிகாதான்.

★ 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கிறது. மல்லிகா டாஃபேக்குள் வந்தது இந்தச் சட்டத்துக்கு 27 ஆண்டுகள் முன்பு.

ராயபுரத்திலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கணக்கும் இயற்பியலும் படிக்கிற பெண் பிள்ளைகள் ஏராளம். பெற்றோர்களே, உங்கள் மகள் மெக்கானிக்கல் எடுக்கிறேன் என்று சொன்னால் “அது பையன்கள் படிப்பும்மா” என்று தடுக்காதீர்கள். டிராக்டர் கம்பெனியைக் கட்டி ஆண்ட பெண்மணியின் கதையை அவளுக்குச் சொல்லுங்கள்.