பெட்டியா, கேள்விக்குறியா? இணையப் பக்கத்தின் பிழையைத் தேடிப் பிடித்தல்



ஞாயிறு ஒலிபரப்பில் பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க முடியாமற்போன விடயம் இது. ஐ.ரி. படிக்கும் பிள்ளைகள் உள்ள சில வீடுகளிலிருந்து, எழுத்தில் தந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டார்கள். நான் கணக்காளன். நிரல் எழுதுவது என் தொழில் அல்ல. ஆனால் பிழை எங்கே என்று தேடுவதில் முப்பது வருடம் போய்விட்டது. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

எங்கள் வானொலிக்குப் பல வருடங்களாக ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. அதில் நேயர்கள் அதிகம் பயன்படுத்துவது பாடல் கேட்கும் பகுதியை அல்ல. மரண அறிவித்தல், நினைவஞ்சலி அனுப்பும் பகுதியைத்தான். அந்தப் பகுதியைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கும் ஒரு தொண்டர்ப் பிள்ளை புதிதாக எழுதித் தந்தார். அழகாகச் செய்திருந்தார். ஆங்கிலத்தில் நாலைந்து பெயர் போட்டுச் சோதித்தோம், எல்லாம் சரி. அடுத்த கிழமை துங்காபியிலிருந்து ஓர் அம்மா தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, என்ர அண்ணான்ர பேர் எங்கை? வெறும் கேள்விக்குறியாக் கிடக்கு.”

போய்ப் பார்த்தால் உண்மைதான். பிறந்த இடம், வாழ்ந்த இடம், பெயர் எல்லாம் கேள்விக்குறிகள். அந்த அண்ணாவுக்கு ஊரில் ஒரு கல்லறைகூட இல்லை. அந்த அம்மா அவருடைய பெயரை எழுதிப் பார்க்கக்கூடிய இடம் எங்கள் பக்கம்தான்.

அன்று மாலை கெல்லிவில்லில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் பிள்ளையும் நானும் இருந்தோம். பிள்ளை உடனே எழுத்துருவை மாற்றத் தொடங்கினார். சரிவரவில்லை. பக்கத்தின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தார். சரிவரவில்லை. பிறகு இரண்டையும் ஒன்றாக மாற்றினார். “அங்கிள், நான் எல்லாம் செய்து பார்த்திட்டன்” என்றார். எல்லாம் செய்து பார்ப்பதுதான் பிரச்சினை என்றேன். எந்த இடத்தில் பிழை என்று தெரியாமல் கை வைத்தால், முன்பு சரியாக இருந்ததும் பழுதாகிவிடும். பிறகு எது பழைய பிழை, எது நாங்கள் போட்ட பிழை என்று யாருக்கும் தெரியாது.

முதலில், இந்தப் பக்கங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை அனுப்பிய காலத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து எழுதி அனுப்புபவர் ஒருவர். நிலையத்தில் அதை வாங்கிப் படித்து, கோவையில் போட்டு, பதில் தருபவர் இன்னொருவர். இணையத்தில் எழுதி அனுப்புவது உங்கள் கணினியிலுள்ள உலாவி. இதைக் கிளையன்ட் என்பார்கள். வாங்கிப் பதில் தருவது எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் சேர்வர். சேர்வருக்குப் பின்னால் தரவுத்தளம் என்றொரு கோவை அலுமாரி. உலாவியிலிருந்து சேர்வர், சேர்வரிலிருந்து அலுமாரி, பிறகு அதே வழியால் திரும்பி வரவேண்டும். பிழை இந்த வழியில் எங்கேயும் நடக்கலாம். ஆனால் அதைப் பார்ப்பவருக்கு அது எப்போதும் தன் திரையில்தான் தெரியும்.

ஊரில் வர்த்தகம் படித்தவர்களுக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று நினைவிருக்கும். எங்கள் காசேடு ஒரு மீதியைச் சொல்லும், வங்கிக் கூற்று வேறொரு மீதியைச் சொல்லும். உடனே வங்கி பிழை என்றோ, எழுதுவினைஞர் பிழை என்றோ நாங்கள் சொல்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பதிவாகக் கோடு போட்டுக்கொண்டு வருவோம். எந்தப் பதிவு ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையோ, அங்கேதான் விடயம். கிளையன்ட், சேர்வர் பிரச்சினையும் இதேதான். உலாவி என்ன அனுப்பியது, சேர்வர் என்ன வாங்கியது, அலுமாரியில் என்ன இருக்கிறது, திரும்ப என்ன வந்தது என்று நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். இரண்டு இடம் ஒத்துப்போனால் அவற்றுக்கு இடையில் பிழை இல்லை.

ஒரு பெரிய அறிவித்தலை வைத்துக்கொண்டு இதைச் செய்யக்கூடாது. ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை மாத்திரம் அனுப்பிப் பார்த்தோம். உலாவியில் எப்-12 விசையை அழுத்தினால் நிரலாளருக்கான பகுதி திறக்கும். அதில் நெட்வேர்க் என்ற பிரிவில், போன கடிதமும் வந்த கடிதமும் அப்படியே இருக்கும். போன கடிதத்தில் ‘தமிழ்’ சரியாகவே இருந்தது. ஆகவே உலாவி குற்றவாளி அல்ல. சேர்வர் வாங்கியதை ஒரு கோப்பில் எழுதச் செய்தோம். அதிலும் ‘தமிழ்’ சரி. அலுமாரியைத் திறந்தோம். அங்கே ஐந்து கேள்விக்குறிகள்.

ஏன் ஐந்து? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் நிரல் எழுதும் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இது. ‘தமிழ்’ என்பது எங்கள் கண்ணுக்கு மூன்று எழுத்து. 1991 இல் வந்த யூனிகோட் தராதரத்தில் தமிழுக்கு ஒதுக்கிய இடத்தில், விசிறிக்கும் குற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. ஆகவே த, ம, விசிறி, ழ, குற்று என்று உலாவி அதை ஐந்தாக எண்ணும். அதே சொல்லை யு.ரி.எப்-8 முறையில் அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும், ஆகவே பதினைந்து. மூன்று, ஐந்து, பதினைந்து. பெயர் முப்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலாவியிலும் சேர்வரிலும் விதி வைத்தால், உலாவி ஐந்து என்று விட்டுவிடும். பி.எச்.பி. மொழியில் பழைய முறையில் எண்ணும் சேர்வரோ பதினைந்து என்று கணக்குப் போடும். எங்கள் ஆட்களின் நீளமான பெயர்கள் அங்கே திருப்பி அனுப்பப்படும். இரண்டு பக்கமும் தன்னளவில் சரி. அளவுகோல்தான் வேறு.

எங்கள் அலுமாரிக்கு வருவோம். அது மை-எஸ்கியூஎல் தரவுத்தளம். 2018 இல் வந்த 8.0 பதிப்புவரை, நாங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 முறையிலேயே அட்டவணைகளை உருவாக்கும். எங்கள் அட்டவணை அதற்கு முந்திய காலத்தது. லத்தீன்-1 இல் தமிழுக்கு இடமே இல்லை. இடம் இல்லாத ஒவ்வொன்றுக்கும் பதிலாக அது ஒரு கேள்விக்குறி போட்டது. அதனால்தான் ஐந்து. அப்படிச் செய்தபோது ஓர் எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறது. எங்கள் நிரல் அதைக் கேட்டுப் பார்க்கவேயில்லை. புதிய பதிப்புகளின் இயல்பான அமைப்பில் இப்படிப்பட்ட பதிவை ஏற்கவே மறுக்கும். மறுப்பதுதான் நல்லது. வாங்கிவிட்டுத் தொலைக்கும் எழுதுவினைஞரைவிட, வாசலில் வைத்தே முடியாது என்பவர் மேல்.

அப்படியென்றால் இவ்வளவு வருடமும் அதே அட்டவணையில் தமிழ் அறிவித்தல்கள் எப்படி ஒழுங்காக இருந்தன என்று பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. பழைய பக்கம் பாமினி எழுத்துருவில் இருந்தது. எங்கள் ஆட்களில் பாமினி அறியாத ஒருவர் அந்த நாளில் இருந்திருக்க முடியாது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால், கணினி உண்மையில் வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளை. பாமினி எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது, அவ்வளவே. லத்தீன்-1 அலுமாரிக்கு அது ஆங்கிலம். சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டது. பிள்ளை எழுதிய புதிய பக்கம் முறையான யூனிகோட். அலுமாரி மட்டும் பழையது. பிள்ளையின் நிரலில் பிழை இல்லை. சோதித்தது ஆங்கிலப் பெயர்களை வைத்து. அதை ஆமோதித்தவன் நான்.

திரையில் தெரியும் கோலத்தை வைத்தே பிழை எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம் என்பதையும் அன்று பிள்ளைக்குக் காட்டினேன். வெற்றுப் பெட்டிகளாகத் தெரிந்தால், பெரும்பாலும் எழுத்துகள் பத்திரமாக வந்துவிட்டன. பார்ப்பவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 2000 உடன் லதா எழுத்துரு வருவதற்கு முன் இது சர்வசாதாரணம். சின்ன ‘ஏ’ எழுத்தின் தலையில் ஒரு கோடும், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற குறியும் மாறிமாறி வந்தால், அதுவும் பயப்படத் தேவையில்லாத வகை. பைட்டுகள் பெரும்பாலும் பழுதில்லை, யு.ரி.எப்-8 இல் வந்த கடிதத்தை உலாவி மேற்கு ஐரோப்பிய முறையில் வாசிக்கிறது. இது என்ன முறையில் எழுதப்பட்டது என்று சேர்வர் உறைமேல் எழுதியனுப்பினால் பெரும்பாலும் தீரும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால், அநேகமாக எங்கோ ஒரு நிரல் ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவில் வெட்டியிருக்கிறது. ஆனால் வெறும் கேள்விக்குறி வேறு சாதி. அது மாற்றி வாசித்தால் திரும்பி வராது. அங்கே இருப்பது உண்மையாகவே கேள்விக்குறிதான், பெயர் போய்விட்டது.

எந்தக் கோப்பு எந்த முறையில் இருக்கிறது என்று எழுதி வைப்பதன் அருமையை அறிய மதுரைத் திட்டத்தைப் பார்க்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கி, சுவிற்சர்லாந்திலிருந்து கலாநிதி கல்யாணசுந்தரம் அவர்களும் உலகெங்கும் தொண்டர்களும் நடத்திய வேலை. நூல்களை டிஸ்கி என்ற குறிமுறையில் வெளியிட்டார்கள். பின்னர் யூனிகோடுக்கு மாற்றினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், டிஸ்கி கோப்பு என்று தெரிந்திருந்ததுதான்.

எழுத்துப் பிரச்சினை ஒருபுறம். பதிலே வராவிட்டால் என்ன செய்வது? பக்கம் திறக்காவிட்டால் முதலில் ஓர் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கில் தொடங்கும் 400 வரிசை எண்கள், உங்கள் கேள்வியில் ஏதோ பிழை என்று சேர்வர் சொல்வது. 404 என்றால் அப்படியொரு பக்கம் இங்கே இல்லை. ஐந்தில் தொடங்கினால் சேர்வர் தன் பக்கம் இடறியதாக ஒப்புக்கொள்கிறது. 500 வந்தால் உலாவியை மாற்றி நேரத்தை வீணாக்காமல் சேர்வரின் பதிவேட்டைத் திறக்க வேண்டும். எண்ணே வராவிட்டால், கடிதம் போய்ச் சேரவேயில்லை, அல்லது பதில் புறப்படவேயில்லை.

அப்படியான இரவொன்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 2016 ஓகஸ்ட் 9, குடிசன மதிப்பீட்டு இரவு. வம்சம், வீட்டில் பேசும் மொழி என்ற கேள்விகளுக்குத் தமிழ் என்று தவறாமல் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டு இருந்தோம். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கணினியைத் திறந்தால் பக்கம் வரவில்லை. எத்தனை வீட்டில் மோடத்தை அணைத்துப் போட்டார்களோ! பிழை எங்கள் வீட்டிலேயே இல்லை. பிரதமரின் இணையப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த அலஸ்டெயர் மக்கிபன் அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட அறிக்கை விபரம் சொல்கிறது. சேர்வரை மூச்சுமுட்டச் செய்யும் தாக்குதல்கள் நான்கு வந்தன. அவை பெரியவையும் அல்ல. வெளிநாட்டிலிருந்து வருவதை மறிக்கும் ஏற்பாடு முழுதாக வேலை செய்யவில்லை. ஒரு ரவுட்டர் விழுந்து, ஒழுங்காக எழும்பவில்லை. அந்த நேரம் பார்த்து, தரவு வெளியே போவதுபோல ஒரு கண்காணிப்புக் குறி காட்டியது. திருட்டோ என்று பயந்து தளத்தையே மூடினார்கள். 11ஆம் திகதி பிற்பகல்தான் திறந்தது. திருட்டு எதுவும் நடக்கவில்லை, குறி பொய். அந்த ரவுட்டரை முன்கூட்டியே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் கோளாறு தெரிந்திருக்கும் என்று ஒப்பந்தகாரரான ஐபிஎம் தரப்பே செனற் விசாரணையில் ஒப்புக்கொண்டது. இவ்வளவு செலவழித்தவர்களும் ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்த எங்களைப் போலத்தான் என்று சொல்லிப் பிள்ளையைத் தேற்றினேன்.

உதவி கேட்கும் விதம் பற்றியும் ஒரு சொல். “வேலை செய்யுதில்லை” என்று செய்தி அனுப்பினால், கேட்பவர் சாத்திரம் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, திரையில் வந்த வசனம் சொல்லுக்குச் சொல் என்ன, எந்த இடம்வரை ஒத்துப்போகிறது என்று எழுத வேண்டும். அப்படி எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். கணக்காய்வில் கண்ட அனுபவம் இது.

பழைய அட்டவணையை முதலில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, புதிதாக ஒன்றை யு.ரி.எப்-8 இல் உருவாக்கினோம். அந்தக் கிழமையில் வந்திருந்த அறிவித்தல்கள் பதினொன்று. ஒன்பது பேர் மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்ததால் அவற்றிலிருந்து பெயர்களை எடுத்துப் போட்டோம். மற்ற இரண்டு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, இறந்தவரின் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அதைப் பிள்ளையிடம் விடவில்லை; நானே எடுத்தேன். துங்காபி அம்மா எழுத்து எழுத்தாகச் சொன்னார். நடுவில் வருவது சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா என்று கேட்டேன். “பெரிய ற, தம்பி. ஐயா அப்படித்தான் எழுதுவார்” என்றார்.

பாமினியில் அடித்த பழைய அறிவித்தல்கள், கோயில் மலர்கள், பாடசாலைக் கட்டுரைகள் வீட்டுக் கணினியில் வைத்திருப்பவர்கள், அவற்றைத் திறக்க முடியவில்லை என்று அழித்துவிட வேண்டாம். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றலாம். ஞாயிறு மாலைகளில் ஒலிபரப்பு முடிந்ததும் பிள்ளையும் நானும் நிலையத்தில் இருப்போம். கோப்பின் ஒரு பிரதியைக் கொண்டு வாருங்கள். மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.