ஆவாரைக்கு நாம் செய்யும் மரியாதை

சென்ற மாதம் ஒரு நாள், மஞ்சள் பூக்கள் நிறைந்த கிளையொன்றை மேஜைமீது வைத்து, "இது என்ன செடி?" என்று வகுப்பில் கேட்டேன். நாற்பது பிள்ளைகளில் ஒருவன் மட்டும் எழுந்து, "ஆவாரை, ஸார்! எங்கள் ஊர்க் கரட்டில் நிறைய இருக்கிறது" என்றான். அடுத்திருந்தவனோ, "இதன் பொடியைத்தானே எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்குகிறோம்!" என்று அதிசயித்தான். கரட்டில் நிற்கும்போது களை. பொட்டலத்தில் வந்தால் மருந்து! இதுவே நாம் ஆவாரைக்குச் செய்யும் மரியாதை.

இது நமக்குப் புதிய உறவு அன்று. குறிஞ்சிப் பாட்டிலே கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. மடலேறத் துணிந்த தலைவன் சூடியதும் இப்பூவே. பொங்கலுக்கு முன்னாள் கொங்கு நாட்டார் வேப்பிலை, பூளைப்பூ இவற்றோடு ஆவாரையையும் சேர்த்து வீட்டிற்குக் காப்புக் கட்டுகின்றனர். தெலுங்கர் இதனைத் தங்கேடு என்பர். பதுகம்மா பண்டிகையில் அடுக்கப்படும் இம்மலரே தெலங்கானாவின் மாநில மலர்.

ஒரு காலத்தில் சென்னை ராஜதானியின் தோல் பதனிடும் தொழில் ஆவாரம் பட்டையை நம்பியே நடந்தது. பின்னர் வாட்டில் பட்டையும் குரோமிய உப்புகளும் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டன.

பூ, இலை, பட்டை, வேர், விதை ஐந்தும் சேர்ந்த ஆவாரைப் பஞ்சாங்கத்தைச் சித்த வைத்தியர்கள் நீரிழிவுக்கு வழங்குவதுண்டு. உலர்ந்த பூவைக் குடிநீராகக் காய்ச்சுவர். பாசிப்பயற்றுடன் பொடித்துத் தேய்த்துக் குளிப்பர். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?" என்பது பழமொழி. ஆனால் பழமொழியை நம்பி, டாக்டர் கொடுத்த மருந்தை எவரும் நிறுத்திவிடலாகாது. இரண்டையும் சேர்த்து உண்பதாயின் அவரிடம் சொல்லிவிடுதல் நலம்.

தோட்டத்திற்கோ இதைவிட எளிய செடி கிடையாது. கடினமான தோலுடைய விதையைச் சுடுநீரிலிட்டு ஓர் இரவு ஊறவைத்து, நீர் தேங்காத, வெயில் படும் இடத்தில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விட்டால் போதும். பிறகு வறட்சியைத் தானே தாங்கிக்கொள்ளும். ஆளுயரம் வளரும், கத்தரித்துவிட்டால் அழகிய வேலியாகும். மகரந்தம் தேடிக் கரிய தச்சுத் தேனீக்கள் வரும். வண்ணத்துப் பூச்சிகள் இலையில் முட்டையிடும். கழித்த தழை வயலுக்கு உரம்.

குரோட்டன்ஸுக்கு நாள்தோறும் குடம் குடமாய் நீர் வார்க்கும் நாம், நீரே கேளாத ஆவாரைக்கு வாசலில் ஒரு முழம் இடம் தரலாகாதா? எங்கள் பள்ளி வேலியோரம் பன்னிரண்டு விதைகள் ஊன்றியிருக்கிறோம். இனி அதன் பெயரை நாற்பது பிள்ளைகளும் அறிவார்கள்.