பன்னிரண்டு போர் துப்பாக்கி: யாருக்கு, எதற்கு?

ராயபுரம் கல்மண்டபத்திலோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலோ ஏடிஎம் வாசலில் பணவண்டி வந்து நின்றால், கூடவே தோளில் நீளத் துப்பாக்கியோடு ஒருவர் இறங்குவார். மரக்கட்டை, ஒட்டிப்பிறந்த இரண்டு இரும்புக் குழல், இடுப்பு வாரில் வரிசையாகத் தோட்டா. நம்மில் பெரும்பாலோர் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருக்கும் துப்பாக்கி இதுதான். மத்திய உள்துறை 2018இல் வகுத்த விதிகளின்படி பணவண்டியில் ஆயுதம் தாங்கிய காவலர் இருவர் இருக்க வேண்டும். நகரங்களில் இரவு 9 மணிக்கு மேல் ஏடிஎம்மில் பணம் நிரப்பக் கூடாது. அந்தக் காவலர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது 12 போர் 'டபுள் பேரல்'. வங்கி வாசலில், பண்ணை வீட்டில், போட்டி மைதானத்தில், ஒரு காலத்தில் காட்டில் என்று எல்லா இடத்துக்கும் இந்த ஒரே வகைத் துப்பாக்கி எப்படிப் பொருந்துகிறது? வாங்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? முதலில், வாங்கத்தான் வேண்டுமா?

வரியில்லாத குழல்

திருவொற்றியூரில் 1956 முதல் மோட்டார் சைக்கிள் கட்டிய என்ஃபீல்டு நிறுவனத்தின் பெயரும் பீரங்கிச் சின்னமும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கி ஆலையோடு இருந்த உறவில் வந்தவை. அந்த ஆலையின் புகழ் ரைஃபிளில். ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகுபோல வரிகள் வெட்டியிருக்கும். குண்டு அவற்றில் சுழன்று வெளியேறுவதால் பல நூறு மீட்டர் திசை மாறாமல் போகும். 12 போர் போன்ற ஷாட்கன்னில் அந்த வரிகள் கிடையாது. குழலின் உட்புறம் வழவழப்பானது. அதனுள் பெரும்பாலும் ஒற்றைக் குண்டு போகாது; நூற்றுக்கணக்கான ஈய ரவைகள் ஒரு கொத்தாகப் போய், வெளியே வந்ததும் மெல்ல விரியும். விரியும் கொத்துக்குள் பறக்கும் பறவை அகப்படும். அதற்காகவே பிறந்த கருவி இது.

வரி வெட்டும் நுட்பமான வேலை இல்லை. குழலுக்குள் அழுத்தமும் ரைஃபிளைவிட மிகக் குறைவு. அதனால் குழல்வாய்ப் பக்கம் சுவர் மெல்லியதாக இருந்தாலும் தாங்கும். செய்வதும் பழுது பார்ப்பதும் மலிவு. ஷாட்கன் ஏழைகளின் துப்பாக்கி ஆனதன் இயந்திரக் காரணம் இதுதான்.

'12 போர்' என்ற அளவு பழைய ஆங்கிலேயக் கணக்கு. ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக அடங்குமோ அது 12 போர். உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டையாக்கினால் 20 போர், விட்டம் 15.6 மில்லிமீட்டர். எண் கூடினால் குழல் சிறுக்கும்.

வித்தை தோட்டாவில் இருக்கிறது

தோட்டாவை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் அடியில் பித்தளைக் கிண்ணம், அதன் நடுவில் கேப்பு, மேலே புகையற்ற வெடிமருந்து, அதற்கு மேல் தக்கை, கடைசியாக ரவை. விசையை இழுத்ததும் ஊசி கேப்பைத் தட்டும். மருந்து எரிந்து வாயுவாகும். தக்கை பிஸ்டன்போல் ரவையைத் தள்ளிக்கொண்டு வினாடிக்கு சுமார் 400 மீட்டர் வேகத்தில் வெளியேறும்.

இந்தியக் கடைகளில் அதிகம் புழங்குவது புனே அருகே கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் 'கேஎஃப் சக்திமான்' தோட்டா. ரவையின் பருமனுக்குத் தகுந்தாற்போல் அதில் எண்ணும் எழுத்தும் இருக்கும். 32 கிராம் ஈயத்தை 6ஆம் எண் ரவையாக வார்த்தால், ஒவ்வொன்றும் 2.6 மில்லிமீட்டர் விட்டத்தில் சுமார் 300 ரவை கிடைக்கும். அதே ஈயத்தை எஸ்ஜி ரவையாக வார்த்தால் 8.4 மில்லிமீட்டர் விட்டத்தில் வெறும் ஒன்பது. முன்னது புறாவுக்கும் காடைக்கும் போடப்பட்டது; பின்னது பன்றிக்கு. துப்பாக்கி மாறவில்லை, உள்ளே போட்ட தோட்டாதான் மாறியது. பல்பயன் என்று இதைப் புகழ்வதெல்லாம் உண்மையில் தோட்டாவுக்குச் சேர வேண்டிய புகழ்.

இன்னொரு நுணுக்கம் குழல்வாயில் இருக்கிறது. கடைசி அங்குலங்களில் விட்டம் மயிரிழை குறையும். இதை 'சோக்' என்பார்கள். 'ஃபுல் சோக்' என்றால் குறைவு சுமார் 1 மில்லிமீட்டர். 40 கஜம், அதாவது 36.6 மீட்டர் தூரத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து சுட்டால், சோக் இல்லாத குழலின் ரவையில் நாற்பது சதவீதம் வட்டத்துக்குள் விழும்; பாதி சோக்கில் அறுபது; ஃபுல் சோக்கில் எழுபது. டபுள் பேரலில் வழக்கமாக ஒரு குழல் தளர்வாகவும் மற்றது இறுக்கமாகவும் இருக்கும். இரண்டு விசை இருப்பதால், எந்தக் குழல் வேண்டும் என்பதை விரல் அந்த நொடியே முடிவு செய்யும்.

மூன்று வகை, ஒரு தேர்வு

ஒற்றைக் குழல்தான் மிக மலிவு. உறுப்புகள் குறைவு, கெடுவதும் குறைவு. ஆனால் எடை குறைந்தால் உதை கூடும். 3 கிலோ துப்பாக்கி 32 கிராம் ரவையைத் தள்ளும்போது, தானும் வினாடிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். தோளில் ஒழுங்காகப் பதிக்காதவருக்கு அது ஊமைக்காயம்.

பம்ப் ஆக்‌ஷனில் குழலுக்கு அடியில் உள்ள கூட்டில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். முன்கைப் பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் காலித் தோட்டா வெளியே, புதுத் தோட்டா உள்ளே. கொல்கத்தா அருகே ஹூக்ளி கரையில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை இதையும் செய்கிறது, இரட்டைக் குழலையும் செய்கிறது. பம்ப் வகையின் குறை, பதற்றத்தில் பிடியைப் பாதி இழுத்து விட்டால் தோட்டா குறுக்கே சிக்குவது. பழக்கம் இல்லாதவர் கையில் அது எளிதில் நடக்கும்.

இரட்டைக் குழலில் அந்தச் சிக்கல் இல்லை. கீலில் மடக்கித் திறந்தால் இரண்டு அறையும் கண்ணுக்குத் தெரியும். காலியா, நிறைந்ததா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. காவல் வேலைக்கு அது இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். ஒன்றே ஒன்று, சிக்கனமாக, பல வேலைக்கு என்று கேட்பவருக்கு 28 அங்குலக் குழல் உள்ள 12 போர் டபுள் பேரலே பொருத்தம்.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர் கவனிக்க

இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் தாத்தா காலத்து ஆங்கிலேய, பெல்ஜியத் துப்பாக்கிகள் உரிமக்காரர்களிடையே இன்னமும் கைமாறுகின்றன. இங்கே மூன்று கண்ணிகள் உண்டு.

முதலாவது அறை நீளம். பழையவற்றில் 65 மில்லிமீட்டர், புதியவற்றில் 70. தோட்டாவின் மேல் குறிக்கும் நீளம் வெடித்து விரிந்த பிறகு உள்ள நீளம். மடிந்த நிலையில் 70 மில்லிமீட்டர் தோட்டா சின்ன அறைக்குள்ளும் சாதுவாக உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

இரண்டாவது டமாஸ்கஸ் குழல். இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த, அலையலையான கோலம் தெரியும் குழல் அது. கரிமருந்துக் காலத்துக்கு ஏற்றது. இன்றைய மருந்துக்கு அதை நம்பக் கூடாது. சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

மூன்றாவது மாறிப்போன தோட்டா. 20 போர் தோட்டா தவறி 12 போர் குழலில் விழுந்தால் கொஞ்ச தூரம் இறங்கி நின்றுவிடும்; பின்னால் அறை காலிபோலத் தோன்றும். அதன் மேல் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்த கையும் போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்த விபத்தைத் தடுக்கத்தான்.

வடசென்னையில் நாலாவதாக ஒன்று, துரு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலின் உப்பும் ஆலைப்புகையின் கந்தகமும் ஒரே காற்றில் கலந்திருக்கின்றன. குழலின் கருநீலப் பூச்சு மெல்லிய ஆக்ஸைடு படலம்தான். அது தனியாக நின்று உப்பைத் தடுக்காது. தோல் உறையில் போட்டுப் பரண்மேல் வைப்பது பலருடைய பழக்கம். தோல் ஈரத்தை உறிஞ்சி, உலோகத்தோடு அணைத்து வைத்திருக்கும். கடலோரத்தில் அதைவிடக் கெடுதல் இல்லை. துடைத்து, எண்ணெய் தடவி, காற்றோட்டமான பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். பழைய வகைக் கேப்பு வெடித்த பின் குழலில் படிவது ஓர் உப்பு; எண்ணெயில் அது கரையாது. முதலில் வெந்நீர், பிறகு நன்றாக உலர்த்தல், கடைசியில்தான் எண்ணெய்.

சட்டம் எங்கே நிற்கிறது

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சென்னையில் காவல் ஆணையரிடமும், ஆணையரகம் இல்லாத இடங்களில் மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். 2016இல் வந்த விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் பத்திரமான இருப்பிடத்தையும் கேட்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது; உரிமக் காலம் ஐந்து ஆண்டு. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கு, 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கியைச் சட்டமே தனியாகப் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. கைத்துப்பாக்கியைவிட இதற்கு உரிமம் கிடைப்பது எளிது என்று சொல்வது அதனால்தான். குழலை அறுத்துக் குட்டையாக்கினால் அந்தச் சலுகை போய்விடும், கம்பி எண்ண வேண்டியதுதான். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும்.

வேட்டைக்கு என்று வாங்க நினைப்பவர் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். வெள்ளைக்காரர் காலத்தில் எண்ணூரும் பழவேற்காடும் உள்ளானும் சிறகியும் இறங்கும் நீர்நிலைகள் என்று துப்பாக்கியோடு போனவர்கள் உண்டு. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் வேட்டையை அடியோடு மூடியது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக்கூடத் தமிழகத்தில் விவசாயி தானாகச் சுட முடியாது. வனத்துறையின் கையில்தான் அந்த வேலை. எண்ணூர்க் கழிமுகத்துப் பறவைகளுக்கு இன்று சாம்பல் கழிவும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கூழைக்கடாக்களின் இறகில் படிந்ததுபோன்ற எண்ணெயும் போதாதா? ஈய ரவை நீர்நிலையில் விழுந்து, கல் என்று நினைத்துப் பறவைகள் விழுங்கிச் சாவதால்தான் அமெரிக்கா 1991இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2023இலும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நிறுத்தின.

வீட்டுக் காவலுக்கு?

ஷாட்கன் என்றால் குறி பார்க்க வேண்டாம், அந்தப் பக்கம் திருப்பினால் போதும் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. அது தப்பு. ஒரு கஜத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் வீதம்தான் ரவைக்கொத்து விரியும். பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக் கூடத்தின் நீளம் நாலு மீட்டர் என்றால், அங்கே கொத்து உள்ளங்கை அகலத்துக்கு மேல் பரவாது. குறி தவறினால் அத்தனையும் தவறும். தவறியது எங்கே போகும்? அரைச்சுவரையும் தகரத்தையும் ஆஸ்பெஸ்டாஸையும் எஸ்ஜி ரவை ஊடுருவும். திறந்த வெளியில் அரை கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். சுவரோடு சுவர் ஒட்டிய சந்தில் மறுபக்கம் யாருடைய தொட்டில் இருக்கிறது என்று சுடுபவருக்குத் தெரியாது.

சட்டமும் கையைக் கட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்பு உரிமையைத் தருகிறது. ஆனால் தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஓடும் திருடன் முதுகில் சுட்டவர், தாம் உயிருக்கு அஞ்சியதாக நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம். சட்டப்படி துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய அலமாரியில் இருந்தால் நடு இரவில் எடுக்க நேரமாகும்; தலைமாட்டில் வைத்தால் பிள்ளைகள் கைக்கு எட்டும்.

ஆக, நம் ஊரில் இந்தத் துப்பாக்கிக்கு மிஞ்சியிருக்கும் நேர்மையான உபயோகம் இரண்டு: காவலர் தொழில், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டி. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது இந்த 'டிராப்' போட்டியில்தான். பறக்கும் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், தோட்டாவில் 24 கிராம் ரவை. ஆசை உள்ளவர் சங்கத்தில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கியில் பழகிவிட்டு, பிறகு சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வீட்டுக் காவலுக்கு என்று பணம் ஒதுக்கியவர் நல்ல கதவு, பூட்டு, விளக்கு, கேமரா ஆகியவற்றில் போடட்டும். அவற்றுக்குத் தோட்டா செலவு இல்லை, அடுத்த வீட்டுக்கு ஆபத்தும் இல்லை.

கடைசியாக ஒன்று. தாத்தா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி உரிமம் காலாவதியாகிப் பரணில் கிடந்தால், ஒளித்து வைக்காதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வழி வைத்திருக்கிறது. தாமதிக்காமல் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.