ஆய்வகம் போகாமலே குழந்தை ஆய்வு: வெப்கேமரா செய்த மாற்றம்

பேச்சு வராத குழந்தைக்கு என்ன புரிகிறது என்று எப்படி அறிவது? அதன் கண்கள்தான் வழி. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1950களின் பிற்பகுதி முதல் கைக்குழந்தைகளுக்கு இரண்டு படங்களைக் காட்டி, எதை அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று அளந்தார். எதிர்பாராத ஒன்று நடந்தால் குழந்தை கூடுதல் நேரம் உற்றுப் பார்க்கும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் பயன்படுத்தினார்கள்.

இதற்கெல்லாம் குழந்தையை ஆய்வகத்துக்குத் தூக்கி வர வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள், பகலில் நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் மட்டுமே வந்தார்கள். விளைவு? மூன்று முன்னணி ஆய்விதழ்களில் 2006 முதல் 2010 வரை வெளியான கட்டுரைகளை அலசி 2017இல் வந்த ஓர் ஆய்வின்படி, பங்கேற்ற குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினர் ஆங்கிலம் பேசும் நாடுகளையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவர்கள். ‘எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான்’ என்று சொல்ல இது போதாது.

எப்படி நடக்கிறது?

இந்தத் தடையைக் குறைக்க, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கிம்பர்லி ஸ்காட்டும் லாரா ஷுல்ஸும் ‘லுக்கிட்’ என்ற இணையத் தளத்தை உருவாக்கினார்கள். தாயோ தந்தையோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மடிக்கணினி முன் அமர்கிறார். திரையில் படங்கள் ஓட, வெப்கேமரா குழந்தையின் முகத்தைப் பதிவு செய்கிறது. பெற்றோரின் பார்வையே குழந்தைக்குக் குறிப்பு கொடுத்துவிடலாம் என்பதால், சில ஆய்வுகளில் அவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவோ திரும்பி உட்காரவோ வேண்டும். குழந்தை எந்தப் பக்கம் பார்த்தது என்பதைப் பயிற்சி பெற்றவர்கள் பிறகு காணொளியை நிறுத்தி நிறுத்திக் குறிக்கிறார்கள். இதைத் தானாகச் செய்யும் மென்பொருளும் வந்துவிட்டது.

முன்பு ஆய்வகத்தில் நடந்த மூன்று ஆய்வுகளை இணையத்தில் நடத்திப் பார்த்து, அவர்களது குழு 2017இல் முடிவுகளை வெளியிட்டது. ஏறக்குறைய 14 மாதக் குழந்தைகள், இரண்டு வயதுக் குழந்தைகள், நான்கு வயதை ஒட்டியவர்கள் என மூன்று வயதுப் பிரிவினரிடமும் வீட்டிலிருந்தபடியே பயனுள்ள தரவு திரட்ட முடிந்தது. 2020இல் கொரோனா ஆய்வகங்களை மூடியபோது உலகெங்கும் பலர் இந்த வழிக்கு மாறினார்கள். ஆய்வாளர் காணொளி அழைப்பில் வந்து குழந்தையோடு நேரடியாகப் பேசும் முறையும் பரவியது.

சம்மதம் யாருடையது?

வீட்டுக்குள் கேமரா திறக்கிறது என்பதால் அக்கறை இரட்டிப்பாக வேண்டும். லுக்கிட்டில் பெற்றோர் சம்மத வாசகத்தை கேமரா முன் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்தப் பதிவைச் சரிபார்த்த பிறகே ஆய்வாளர் மற்றவற்றைப் பார்க்கலாம். பதிவை யார் பார்க்கலாம் என்று பெற்றோரே தீர்மானிக்கலாம். வேண்டாம் என்றால் திரும்பப் பெறலாம். குழந்தை சிணுங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம். இந்த உரிமைகள் எந்த இணைய ஆய்விலும் குறையக் கூடாது.

யார் விடுபடுகிறார்கள்?

வீட்டுக்கு வீடு திரையின் அளவும் வெளிச்சமும் மாறும். பக்கத்தில் அண்ணனோ அக்காவோ சத்தம் போடலாம். நுட்பமான அளவீடுகளுக்கு ஆய்வகம் இன்னும் தேவை. அதைவிடப் பெரிய குறை, கணினியும் தடையற்ற இணையமும் இல்லாத வீடுகள் வெளியே நிற்பது. கைபேசியை மட்டுமே நம்பியிருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் பலவும் அதில் அடங்கும்.

எனவே கைபேசியில் இயங்கும் ஆய்வுகள் வேண்டும். வேற்று மொழியிலிருந்து பெயர்த்தவை போதாது. அந்தந்தத் தாய்மொழியிலேயே உருவாக வேண்டும். இணையம் எட்டாத வீடுகளுக்கு அங்கன்வாடிகள் வழியாக ஆய்வாளர்கள் நேரில் செல்ல வேண்டும். தூரத்தைக் கடந்த இந்த ஆய்வு முறை வசதியின்மையையும் கடந்தால்தான், அதன் முடிவுகளைக் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவானவை என்று நம்ப முடியும்.