காட்டுத் தீயின் புகையும் தூரத்து நகரங்களும்

தை கழிந்து பனி விலகியதும், கெலவரப்பள்ளி முதலிய ஓசூர்ப் பகுதிக் கிராமங்களில் வரப்புப் புல்லும் காட்டோரத்து உண்ணிச்செடியும் சருகாய்க் காய்ந்துவிடுகின்றன. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளுக்கு மாசி முதல் சித்திரை வரை தீக்காலமாகும். புதுப்புல் தளிர்க்குமென்று கருதி ஒருவர் வைக்கும் நெருப்பு, காற்று திரும்பினால் காட்டை எட்டிவிடும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதும், 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததும் யாவரும் அறிந்ததே.

நெருப்பு அணைந்தாலும் புகை அங்கேயே நின்றுவிடுவதில்லை. அதிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் குறைந்தவை. தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. அவை எளிதில் தரையில் படியாமல் பல நாள் மிதந்து, சுவாசிப்போரின் நுரையீரல் ஆழம்வரை செல்கின்றன. 2013 ஜூனில் சுமத்திராவில் எழுந்த புகையால் சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401ஐ எட்டிற்று. 2023 ஜூனில் கனடாவின் காட்டுப் புகை நூற்றுக்கணக்கான மைல் கடந்து நியூயார்க் நகரத்து வானத்தைச் செம்மஞ்சளாக்கிற்று. அப்படியிருக்க, நம் காட்டுப் புகைக்கு ஓசூரும், அதற்குச் சுமார் 40 கிலோமீட்டர் அப்பாலுள்ள பெங்களூரும் எம்மாத்திரம்? எல்லைக்கல் காற்றைத் தடுக்காது.

“நகரத்தார் நம் ஆற்றைக் கெடுக்கையில், அவர்கள் காற்றைப் பற்றி நமக்கென்ன?” என்பார் உண்டு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணை வழியே வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரைப்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அந்தப் பெல்லந்தூர் ஏரியே 2017லும் 2018லும் தீப்பற்றிப் புகைந்தது. குறை நியாயமானதே. ஆயினும் நாம் எழுப்பும் புகை முதலில் புகுவது நம் வீட்டுக் குழந்தைகளின் மூச்சில்தான்.

ஆகவே குடியானவர்கள் கேழ்வரகுத் தாளைத் தீவனத்திற்குப் போர் போடுக. களைகளையும் தக்காளிச் செடிகளையும் எருக்குழியிலிட்டுச் சாணக்கரைசல் தெளித்து மக்கவிடுக. எரித்தால் சாம்பலே மிஞ்சும், மக்கினால் நிலத்திற்கு உரமாகும். காட்டை அடுத்த நிலங்களில் ஓரத்துப் புல்லைச் செதுக்கி அகற்றுக. விடியலிலும் அந்தியிலும் குளிர்ந்த காற்று தரையோடு நிற்பதால் புகை மேலெழாது ஊருக்குள் தங்கும் என்பதை அனைவரும் உணர்தல் வேண்டும்.

காப்புக்காட்டில் தீ வைத்தல் 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதனை ஜனவரி 26ஆம் தேதிக் கிராம சபையிலேயே எடுத்துரைத்து, தீயைக் கண்டவுடன் வன இலாகாவுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்வார்களாக. முதல் நாழிகையில் ஒரு தழைக்கொத்தால் அணைக்கக்கூடியதை, மறுநாள் நூறு பேராலும் அணைக்க இயலாது.